முடிந்தது என்றொரு பட்டன்

நான் கோபக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. பெயர் அருமைநாயகம். வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருஷம் சி மொழியில் புரோகிராம் எழுதியவன். அதில் மெமரி, அதாவது கம்ப்யூட்டரின் நினைவிடம், வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் வாங்கியதில் ஒரு துளியைக்கூடத் திருப்பாமல் விட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் எங்கள் கம்பெனி. அங்கே எனக்கு ஒரு குரு வாய்த்தது போன வருஷம்தான். பெயர் செண்பகவடிவு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பாலிடெக்னிக்கில் நாலு வருஷம் பாடம் எடுத்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். புது மொழி ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுக்க அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என்னை அண்ணாச்சி என்பார். மரியாதைக்குக் குறைவு வைக்கமாட்டார். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அதிலேயே எனக்குப் பாதி ரத்தம் கொதித்துவிடும்.

புது மொழியில் மெமரியைத் திருப்பிக் கொடுக்கிற வேலை நமக்கு இல்லை. உள்ளேயே துப்புரவுக்கு ஒன்று உண்டு, ஜிசி என்போம். வேண்டாததை அதுவே அள்ளிக்கொண்டு போய்விடும்.

முதல் நாளே கேட்டேன். "டீச்சர், எது குப்பைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"டீ ஆறுது அண்ணாச்சி, குடிங்க" என்றார்.

அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். அதுதான் அள்ளுகிறதே, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

நான் எழுதியது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு. ஒரு வார்டு, இருபத்துநாலு கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் பார்க்கிற ஒரு கருவி. அது நொடிக்கு நொடி அனுப்புவதை வாங்கி, நர்ஸ் உட்காரும் மேஜையில் உள்ள பெரிய திரையில் காட்ட வேண்டும். ஏதாவது இறங்கினால் அலாரம் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பட்டன்கள் எல்லாம் தமிழில். அதை நானே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தமிழாக்கினேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்து மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதினேழாம் கட்டிலில் இருந்த சுடலைமணி என்கிற பெரியவருக்கு ஆக்சிஜன் இறங்கியிருக்கிறது. நர்ஸ் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கத்தியதால் ஆள் பிழைத்தார். பெரியவரின் மகன் வார்டையே இரண்டாக்கிவிட்டார். அன்றைக்குப் பொறுப்பில் இருந்த நர்ஸ் ஜெபசெல்வி மேல் விசாரணை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அலாரம் எத்தனை மணிக்கு?

என் புரோகிராம் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். அலாரம் மூன்று பத்து. நர்ஸ் வந்து அதை நிறுத்தியது மூன்று பதினாலு. அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நாலு நிமிஷம் ஒரு மனுஷி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கே ஆத்திரம்.

புதன்கிழமை காலையில் ஜெபசெல்வியே போன் செய்தார்.

"சார், திரை நின்னு போச்சு. அலாரம் அடிக்கவே இல்ல."

"மூணு பத்துக்கு அடிச்சிருக்கு சிஸ்டர். எழுதியிருக்கே."

"நான் திரைக்கு நேரே உக்காந்திருக்கேன் சார். எல்லாக் கோடும் அசையாம நிக்கி. நீங்க வந்து பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பதினொரு வருஷ சர்வீஸ், தப்பு என்று தீர்ப்பானால் வேலை போகும் என்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை. என் புரோகிராமைக் குறை சொன்ன கோபம்தான் வந்தது.

ஆனாலும் மனசு கேட்காமல் திறந்து பார்த்தேன். மெமரி நிரம்பிக் கழுத்து வரை நின்றது. போன மாதமும் இப்படித்தான் ஆயிற்று. அப்போது மெமரியை இரட்டிப்பாக்கினேன். அதுவும் நிரம்பிவிட்டது. புரோகிராமை அணைத்து மறுபடி போட்டாலும் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

"ஒண்ணுக்கும் ஆகாத ஜிசி!" என்று மேஜையைத் தட்டினேன். "அள்ளுதேன் அள்ளுதேன்னு சொல்லிட்டு ஒண்ணையும் அள்ளல. டீச்சர், இந்த மொழியே சரியில்ல. எது குப்பைன்னுகூட இதுக்குத் தெரியலியே!"

டீச்சர் எழுந்து மீட்டிங் அறைக்குள் போனார். பின்னாலேயே போனேன். ஆறடி வெள்ளைப் பலகை. கையில் டஸ்டரைக் கொடுத்தார்.

"போர்டை அழிங்க அண்ணாச்சி."

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"அழிங்க. எனக்கு ஒரு வரி எழுதணும்."

வேறு வழியில்லாமல் அழிக்க ஆரம்பித்தேன். மேலே இடது பக்கம் ஒரு கட்டம், உள்ளே "அழிக்காதீங்க" என்று எழுதியிருந்தது. அதை விட்டேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம், "தயவுசெய்து அழிக்க வேண்டாம், இசக்கி". இசக்கி பெங்களூருக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. நடுவில் டிசம்பர் மாதம் யார் யாருக்குப் பிறந்தநாள் என்று ஒரு பட்டியல், அதைச் சுற்றியும் கட்டம். இது மே மாதம்.

"இதை அழிக்கட்டுமா?"

"அழிக்காதேன்னு எழுதியிருக்கே."

"எழுதினவன் ஊர்லயே இல்ல டீச்சர்!"

"டஸ்டருக்கு அது தெரியுமா?"

கட்டங்களுக்கு நடுவே டஸ்டரை விட்டு விட்டுத் தேய்த்தேன். உள்ளங்கை அகலம்கூட இடம் வரவில்லை. மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தேன். எங்கேயாவது விட்டுப்போயிருக்குமோ என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். வியர்த்துவிட்டது. டீச்சர் மார்க்கரின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"எழுத வேண்டியதுதானே" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க நின்னுட்டு இருக்கீங்களே. அழிச்சு முடிச்சாத்தான எழுத முடியும்?" கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷமா ஒரு வரிக்காக நிக்கேன்."

எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. மண்டை அவ்வளவு சூடு.

"டஸ்டர் சரியில்லையோ?" என்றார்.

"டஸ்டர் நல்லாத்தான் இருக்கு."

"பெரிய போர்டா வாங்கிரலாமா?"

"அதையும் நிரப்பிருவானுங்க!" என்று கத்தினேன். கத்திய பிறகு வாயை மூடிக்கொண்டேன். போன மாதம் மெமரியை இரட்டிப்பாக்கியது நான்தானே.

டீச்சர் பலகையின் வலது ஓரத்தைக் காட்டினார். அங்கேதான் எல்லாவற்றிலும் பெரிய கட்டம். உள்ளே ஒரு பிரிண்டரின் எண். அந்தப் பிரிண்டர் கெட்டுப்போய், தூக்கிப் போட்டே வருஷமாகப் போகிறது. மேலே சிவப்பில் "யாரும் தொடக் கூடாது!!" என்று இருந்தது.

"இது யாரு எழுத்து?"

என் எழுத்துதான். ஆச்சரியக்குறி இரண்டு போடுகிறவன் இந்த ஆபீஸில் வேறு யார்?

"உங்க புரோகிராமைப் போய்ப் பாருங்க" என்றார் டீச்சர். "எது நிறையக் கெடக்குன்னு பாக்காதீங்க. யாரு புடிச்சிட்டு இருக்கான்னு பாருங்க."

திரும்பி வந்து, மெமரியில் அந்த நொடியில் இருந்த எல்லாவற்றையும் ஒரு கோப்பாக எடுத்தேன். உள்ளே நுழைந்து தேடினேன். கோடிக்கணக்கில் நாடித்துடிப்பு எண்கள். ஒரு எண்ணைப் பிடித்து, இதை யார் வைத்திருக்கிறார்கள் என்று பின்னோக்கிப் போனேன். ஒரு நோயாளியின் பெயர் வந்தது. அந்த நோயாளியை யார் வைத்திருக்கிறார்கள்? ஒரு பட்டியல். அந்தப் பட்டியலுக்கு வார்டு என்று பெயர். அதை எழுதியவன் நான். வார்டு பிடித்திருக்கும்வரை ஜிசி அதைத் தொடாது. தொடக் கூடாது.

இருபத்துநாலு கட்டில் உள்ள வார்டின் பட்டியலில் நானூற்று முப்பத்துநாலு பேர் இருந்தார்கள்.

இதற்கென்றுதான் இரண்டு பட்டன் வைத்திருந்தேன். ஒன்று "நிறுத்து". நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போகும்போது அமுக்குவது. திரையிலிருந்து அவர் பெயர் மறையும், ஆனால் திரும்பி வருவார் என்பதால் வார்டு அவரைப் பிடித்துவைத்திருக்கும். புரோகிராமையே அணைத்துப் போட்டாலும், நிறுத்திவைத்தவர்களை மறந்துவிடக் கூடாதே என்று மறுபடி மெமரியில் ஏற்றிக்கொள்ளும். அத்தனை முன்ஜாக்கிரதை! இன்னொன்று "முடிந்தது". நோயாளி வார்டை விட்டுப் போகும்போது அமுக்குவது. வார்டு கையை விடும், ஜிசி அள்ளிவிடும். நர்ஸுகள் எல்லாரையும் நிறுத்தி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒருத்திகூட "முடிந்தது" அமுக்கவில்லை.

கிடைத்தது சாக்கு. தப்பு என் மேல் இல்லை! பைக்கை எடுத்துக்கொண்டு நேராகப் பாளையங்கோட்டைக்கு விட்டேன்.

ஜெபசெல்வி வார்டில்தான் இருந்தார். விசாரணை முடியும்வரை மேஜையில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மருந்து அலமாரிப் பக்கம் நின்று எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என்ன சிஸ்டர், டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்களுக்கு ஏன் பட்டன் அமுக்கறதில்ல?"

"அமுக்கத்தான செய்யுதோம்."

"நிறுத்துன்னு அமுக்குதீங்க. பக்கத்துல முடிந்ததுன்னு ஒரு பட்டன் இருக்கே, அது கண்ணுக்குத் தெரியலியா? அந்தச் சவத்தை அமுக்கித் தொலைச்சா என்ன?"

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் எதையும் சவம் என்றுதான் சொல்லுவோம். வாயில் பழகிப்போனது. ஒரு ஆஸ்பத்திரி வார்டின் நடுவில் நின்று சொல்கிறோம் என்கிற புத்தி எனக்கு இருந்திருக்க வேண்டும்.

ஜெபசெல்வி கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க? உயிரோட நடந்து போற மனுஷன். பொண்டாட்டி பிள்ளைங்க பைய தூக்கிட்டு சிரிச்சிட்டு நிக்காங்க. அவர் பேருக்கு நேரே முடிந்ததுன்னு அமுக்கச் சொல்லுதீங்களா?"

"அது வெறும் பட்டன் சிஸ்டர்..."

"உங்களுக்கு வெறும் பட்டன். இந்த வார்டுல முடிஞ்சிட்டுன்னு எப்ப சொல்லுவோம்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க இந்த ஊர்க்காரர்தான? உங்க வீட்டுல யாரும் செத்ததே இல்லையா?"

கட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

"முதல் நாள் ஒரு புதுப் பிள்ளை தெரியாம அமுக்கிட்டா. அந்த ஆளோட அம்மா பின்னால நின்னு திரையைப் பாத்துட்டு இருந்திருக்கு. மகன் பேருக்கு நேரே முடிந்ததுன்னு எழுத்து வருது. அந்த அம்மா தலையில அடிச்சிட்டு அழுதது எனக்கு இன்னும் காதுல கேக்கு. அன்னைக்கே உங்க கம்பெனிக்கு போன் போட்டேன். நீங்கதான் எடுத்தீங்க. என்ன சொன்னீங்க தெரியுமா?"

தெரியவில்லை. சத்தியமாக நினைவில்லை.

"அகராதியில பாருங்கன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். நான் சொல்லக்கூடிய ஆள்தான்.

"அந்தப் பட்டனையும் அமுக்கத்தான் செஞ்சோம்" என்றார் ஜெபசெல்வி. குரல் உடைந்துவிட்டது, ஆனால் கோபம் குறையவில்லை. "அமுக்க வேண்டியவங்களுக்கு அமுக்கினோம்."

வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் பைக் மேலேயே வைத்து லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். ஐந்து மாதத்தில் "முடிந்தது" முப்பத்தோரு தடவை அமுக்கப்பட்டிருந்தது. ஒரு தடவை அந்தப் புதுப் பெண். மற்ற முப்பது பேரும் அந்த வார்டில் இறந்துபோனவர்கள். என் புரோகிராம் செத்தவர்களை மட்டும் ஒழுங்காக விட்டிருக்கிறது. பிழைத்து வீட்டுக்குப் போன நானூற்றுச் சொச்சம் பேரையும் விடாமல் உள்ளே பிடித்துவைத்திருக்கிறது.

எங்கள் அப்பா இதே பாளையங்கோட்டையில்தான் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தார். அண்ணன் போனில் சொன்னது இரண்டே வார்த்தை. அருமை, முடிஞ்சிட்டு. அந்த வார்த்தையைத்தான் நான் பச்சை நிறத்தில் பட்டனாக வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

ஆபீஸுக்கு வந்து நேராக உட்கார்ந்து பட்டனை மாற்றினேன். "முடிந்தது" பட்டனை எடுத்துவிட்டு "வீட்டுக்கு" என்று ஒன்று வைத்தேன். இறந்தவர்களுக்குத் தனியாக இன்னொன்று, நர்ஸுகள் என்ன சொல் வைக்கச் சொல்கிறார்களோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டேன். பழைய நானூற்றுப் பேரையும் பட்டியலிலிருந்து எடுத்தேன். ஜிசி ஒரே ஓட்டத்தில் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. மெமரி சரசரவென்று இறங்கியது. நான் திட்டித் தீர்த்த அந்த ஜிசியேதான்.

வியாழக்கிழமை காலையில் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சரியாயிட்டு டீச்சர். இனிமே திரை நிக்காது."

"அப்ப முன்னால நின்னுச்சா?"

சுருக்கென்றது. பலகைக்கு முன்னால் டஸ்டரோடு நான் நின்றதும், பின்னால் அவர் மார்க்கரோடு நின்றதும் கண்ணுக்குள் வந்தது. ஜிசி பெருக்கும்போது மற்ற எல்லாம் நிற்கும். இடம் இருந்தால் கண் இமைக்கிற நேரம்தான். இடமே இல்லாவிட்டால் பெருக்கிப் பெருக்கி ஒன்றும் கிடைக்காமல் மறுபடி பெருக்கும். ஜிசி தான் எப்போது எவ்வளவு நேரம் வேலை செய்தது என்று தனியாக ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அதை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. திறந்தேன்.

செவ்வாய்க்கிழமை. மூன்று பத்துக்கு ஆரம்பித்தது. மூன்று பதினாலுக்கு விட்டது.

கருவி ஆக்சிஜன் இறங்கியதை மூன்று பத்துக்கு அனுப்பியிருக்கிறது. அந்த நேரத்தைத்தான் அலாரம் நேரம் என்று என் புரோகிராம் எழுதியிருக்கிறது. ஆனால் திரைக்கு அது வந்தது மூன்று பதினாலுக்கு. வந்த அதே நிமிஷத்தில் ஜெபசெல்வி ஓடியிருக்கிறார். நாலு நிமிஷம் என்னுடையது. அதை அவர் தலையில் கட்டி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பியவன் நான்.

டீச்சர் என் தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டார். "நாளைக்குப் பதினோரு மணிக்குத்தான விசாரணை?" என்றார்.

"ஆமா."

"போறீங்களா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். ஒரு உயிர் போகப் பார்த்திருக்கிறது. என் கையெழுத்து இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் என்னை வெளியே அனுப்பினால் யார் வேலை கொடுப்பார்கள்?

"புரோகிராமைத்தான் சரிபண்ணியாச்சே டீச்சர்" என்றேன். "பெரியவரும் நல்லாத்தான் இருக்காரு. சிஸ்டருக்கு பதினொரு வருஷ சர்வீஸ், கொஞ்ச நாள்ல அவங்களே விட்டுருவாங்க. எல்லாம் தானா சரியாயிரும்."

அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியவர் அல்ல. அன்றைக்கு ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"தானாவா? தானா எப்படிச் சரியாகும்? அந்த சிஸ்டர் பேரு உங்க கையெழுத்துல மாட்டிட்டு நிக்கி. நீங்க புடிச்சிட்டு இருக்கீங்க. யாரு வந்து எடுப்பா அதை? ஜிசி வருமா?"

"டீச்சர்..."

"நேத்து என்னமா கத்தினீங்க! அள்ளல அள்ளலன்னு! இப்ப மட்டும் எப்படி அண்ணாச்சி வாய் அடைச்சுப் போச்சு?"

நாற்காலியை இழுத்துத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கும் அவர் மேல் அப்படி ஒரு கோபம். சின்னப் பெண், எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாளே என்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சாயந்திரம் ஐந்து மணிவாக்கில்தான் ஒரு தாளை எடுத்தேன்.

எழுதியது நாலே வரி. செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்கு அலாரம் திரைக்கு வரவில்லை. மூன்று பதினாலுக்குத்தான் வந்தது. நான் முன்பு கொடுத்த நேரம் தவறு. தவறு என்னுடையது, நர்ஸ் ஜெபசெல்வியுடையது அல்ல. கீழே கையெழுத்து, கூடவே ஜிசி எழுதிவைத்திருந்த அந்தக் கோப்பு.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் சுடலைமணியின் மகன். நடுவில் ஜெபசெல்வி நின்றுகொண்டிருந்தார். தாளைக் கொடுத்தேன். படித்தார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பெரியவரின் மகன் எழுந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். "எங்கப்பா உயிரு உனக்கு விளையாட்டாலே?" என்றார். விலக்கிவிட்டார்கள். அவர் கேட்டது சரிதான்.

ஜெபசெல்வியை வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். என்னை இனிமேல் அந்த ஆஸ்பத்திரி வேலையில் வைக்கக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதுவதாகவும் சொன்னார்கள்.

வெளியே வராந்தாவில் அவரைப் பார்த்தேன். அழுதிருந்தார். நன்றி சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"பட்டனை மாத்திட்டேன் சிஸ்டர். வீட்டுக்குன்னு வெச்சிருக்கேன்."

"காலையில பாத்தேன். ஆறாம் கட்டில் அம்மாவுக்கு மேஜையில இருந்த பிள்ளை அமுக்கினா. திரையைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போறாங்க" என்றார்.

"பெரியவர் எப்படி இருக்காரு?"

"எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சாரு. திங்கக்கிழமை அனுப்பிருவாங்க."

பழக்கதோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, "அப்ப வாரேன் சிஸ்டர்" என்றேன்.

"ஆஸ்பத்திரியில நின்னுட்டு வாரேன்னு சொல்லாதீங்க சார்" என்றார். கோபம் இன்னும் மிச்சம் இருந்தது குரலில். "போறேன்னு சொல்லிட்டுப் போங்க."

"போறேன்" என்றேன்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டோம். நாக்கில் அது வர அவ்வளவு சிரமப்பட்டது.

ஆபீஸில் முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார். வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆறு மாதம் மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கிற வேலை மட்டும் என்றார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். டீச்சர் மீட்டிங் அறையில் பலகையைப் பார்த்து நின்றிருந்தார். நான் உள்ளே போனதும் ஒன்றும் கேட்காமல் டஸ்டரை என் பக்கம் நீட்டினார்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டஸ்டரை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"முதல் நாள் ஒண்ணு கேட்டேன் டீச்சர். எது குப்பைன்னு ஜிசிக்கு எப்படித் தெரியும்னு. இன்னைக்காவது நேரா பதில் சொல்லுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு வலது ஓரத்தில் சிவப்பாகக் கிடந்த என் கட்டத்தைப் பார்த்தார்.

"அதுக்கு எப்பவுமே தெரியாது அண்ணாச்சி" என்றார். "நீங்க எதைக் கைவிட்டீங்கன்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."